பின்சுவரில் மறைத்த பெட்டி



கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நின்று உங்களை வழியனுப்பியபோது, என்னிடம் பேசியவர்களில் பாதிப் பேர் வெயிலைப் பற்றிப் பேசினீர்கள்; மீதிப் பேர் வீட்டு ஏசியைப் பற்றிப் பேசினீர்கள். "கேஸ் தீர்ந்துபோச்சாம் ஐயா, மூவாயிரம் கேக்கிறாங்க" என்று ஒரு சகோதரி வருத்தத்தோடு சொன்னார்கள். ஏதோ ஆறுதல் கூறி அனுப்பிவிட்டேன். குருமனைப் படிகளில் ஏறும்போதுதான், அவர்களுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது என் வீட்டில் நடந்த ஒரு காரியத்தை என்று உறைத்தது. அதைச் சொல்வதானால் என் குறை ஒன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிரசங்க பீடத்தில் நின்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. ஆகையால் இந்த வாரம் எழுத்தில் சொல்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் தகப்பனார் நித்திரையடைந்த பிறகு, என் தாயார் தென்மாவட்டத்துக் கிராமத்திலிருந்து எங்களோடு தங்க வந்தார்கள். நீங்கள் அவர்களை அறிவீர்கள். முன்வரிசையில் இடப்பக்கம் அமர்ந்து, பாட்டுப் புத்தகத்தைத் திறவாமலேயே எல்லாப் பாடல்களையும் பாடுகிறவர்கள். எண்பதைக் கடந்தவர்கள், இளைப்பு நோய் பல ஆண்டுகளாக உண்டு. ஓட்டு வீட்டிலும் வேப்பமரக் காற்றிலும் வாழ்ந்தவர்களை, குருமனையின் இரண்டாம் மாடி அறையில் தங்கவைத்தோம். அந்த அறையின் கான்கிரீட் கூரை பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவெல்லாம் அதைக் கக்கும். முதல் கோடையிலேயே இரண்டு முறை மயங்கிச் சாய்ந்தார்கள். மருத்துவர் என்னைக் கடிந்துகொண்டார். என் தம்பி பாதிப் பணம் அனுப்பினான். மீதியைத் தவணையில் கட்டுவதாக ஒப்புக்கொண்டு, ஒன்றரை டன் ஏசி ஒன்றை வாங்கினோம்.

ஒன்றரை டன் என்று கேட்டதும் என் தாயார் திகைத்துப்போனார்கள். "அம்புட்டுக் கனத்த நம்ம செவுரு தாங்குமாய்யா?" என்று கேட்டார்கள். சிரித்துவிட்டேனே தவிர, எனக்கும் அப்போது விடை தெரியாது. பிறகு படித்தறிந்தேன். அது பெட்டியின் எடையன்று. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் முழுதும் உருகுவதற்கு எவ்வளவு வெப்பம் தேவையோ, அவ்வளவு வெப்பத்தை அதே நேரத்தில் அறையிலிருந்து எடுத்து வெளியே தள்ளும் திறனுக்கு ஒரு டன் என்று பெயர். பனிக்கட்டியை நம்பிக் குளிர்ச்சி தேடிய காலத்துக் கணக்கு, இன்றும் நம் வீட்டுப் பெட்டிகளின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பெட்டி வந்து சேர்ந்தது. அதை மாட்டுவதில்தான் என் குறை தொடங்கிற்று.

அவுட்டோர் யூனிட் என்கிற வெளிப்பெட்டியை முன்பக்கத்துப் பால்கனியில் வைக்கலாம் என்று மாட்ட வந்தவர் சொன்னார். அங்கே ஆள் நிற்க இடமுண்டு, காற்றோட்டமும் உண்டு. நான் மறுத்தேன். ஆலயத்துக்கு வரும் ஒவ்வொருவரும் அந்தப் பால்கனியின் கீழாகத்தான் நடந்து வருகிறீர்கள். தகரக் கூரையின்கீழ் வாழும் குடும்பங்கள் நம் சபையில் உண்டு. அந்த ஆண்டு ஆலயத்திலேயே மூன்று மின்விசிறிகள் ஓடாமல் தொங்கின. ஐயர் வீட்டுக்கு ஏசி வந்துவிட்டதாம் என்று நீங்கள் பேசிக்கொள்வீர்கள் என்று நினைத்தேன். ஒருவரும் அப்படிப் பேசவில்லை. பேசுவதாக நானே கற்பனை செய்துகொண்டேன். எனவே, வெளிப்பெட்டியைப் பின்சுவரில் மாட்டச் சொன்னேன். அங்கே வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே மூன்றடி இடைவெளி. முதல் மாடி ஜன்னலின் சன்ஷேடைத் தவிரக் காலூன்ற வேறு இடம் இல்லை. மாட்டியவர் வேலையை முடித்துவிட்டு, "சர்வீஸ் பண்றப்போ சிரமமா இருக்கும் சார்" என்றார். "அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்றேன்.

வியாதிப்பட்ட தாய்க்காக வாங்கிய ஒன்றைப் பற்றி எனக்கேன் அவ்வளவு கூச்சம் என்று இன்று யோசிக்கிறேன். இயந்திரத்தால் ஓர் அறையைக் குளிர்விக்க முயன்ற முன்னோடிகளுள் ஒருவர் ஒரு மருத்துவர். 1840-களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அப்பலாச்சிகோலா என்னும் துறைமுக ஊரில் ஜான் கோரி என்பவர், காய்ச்சலில் கிடந்த நோயாளிகளுக்காக அறையின் கூரையருகே பனிக்கட்டிப் பாத்திரத்தைத் தொங்கவிட்டார். குளிர்ந்த காற்று கனத்து அவர்கள்மேல் இறங்கும்படி. வட மாநிலங்களிலிருந்து கப்பலில் வரவேண்டிய பனிக்கட்டி எப்போதும் கிடைப்பதில்லையென்று, பனிக்கட்டி செய்யும் இயந்திரம் ஒன்றையே உருவாக்கி 1851-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அதனால் அவருக்கு லாபம் ஒன்றும் கிட்டவில்லை, 1855-இல் மரித்தார். இன்றைய ஏசிக்கு வழிகாட்டிய வில்லிஸ் கேரியர் 1902-இல் செய்த வேலையும் சுகபோகத்துக்கானதன்று. நியூயார்க்கின் புரூக்லினில் ஓர் அச்சகத்தில், ஈரக்காற்றினால் காகிதம் விரிந்து வண்ணங்கள் இடம் மாறி விழுவதைத் தடுக்கச் செய்தது அது. இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் பால்கனியில் வைத்திருப்பேனா என்றால், அதுவும் சந்தேகந்தான். மனிதருடைய பார்வைக்கு அஞ்சுகிறவனுக்குச் சரித்திரம் உதவாது.

மறைத்து வைத்த பொருளைப் பற்றி நாம் பிறரிடம் பேசுவதில்லை. பேசாத பொருளை யாரும் விசாரிப்பதுமில்லை. ஆண்டுக்கொரு முறை சர்வீஸ் செய்ய வேண்டும் என்பது என் காதில் விழுந்திருந்தது. ஆனால் அந்தச் செலவைக் குருமனைப் பராமரிப்பில் காட்டினால் கமிட்டியில் வாசிப்பார்கள்; கைப்பணத்தில் செய்யவோ மாதக் கடைசியில் கை வறண்டிருக்கும். உள்ளே கழுவ வேண்டிய ஃபில்டர் ஒன்று இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. முதல் ஆண்டு இப்படியே கழிந்தது.

இரண்டாம் கோடையில் அறை குளிரவில்லை. செம்புக் குழாயின்மேல் வெள்ளையாகப் பனி பிடித்திருந்தது. சுவரில் தண்ணீர் வழிந்தது. ஒரு சர்வீஸ் நிறுவனத்திலிருந்து வந்தவர் பனியைக் கண்டதும், "கேஸ் கம்மி சார்" என்று சொல்லி, நிரப்பிவிட்டு 2,800 ரூபாய் வாங்கிச் சென்றார். இரண்டு மாதத்தில் மீண்டும் அதே நிலை, அதே ஆள், அதே தொகை. இதற்கிடையே என் தாயாருக்கு இருமல் பிடித்தது. பகலில் முற்றத்தில் அமர்ந்திருக்கும்போது ஒன்றும் இராது. இரவு அறைக்குள் போய்ப் படுத்தால் விடியுமட்டும் இருமுவார்கள். மருந்து மாற்றினோம், தலையணை மாற்றினோம். கஷாயம் போடாத நாளில்லை. என் மனைவி பல இரவுகள் அவர்களுடைய முதுகைத் தடவிக்கொண்டே விழித்திருந்தார். நானோ அடுத்த அறையில் ஞாயிறு பிரசங்கத்துக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.

நெஞ்சு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். கருவியை மார்பில் வைத்துக் கேட்டவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அம்மா படுக்கிற ரூமில் ஏசி இருக்கா?" என்பது. இருக்கிறது என்றேன். "கடைசியா எப்போ கழுவினீங்க?" என்றார். நான் பதில் சொல்லாமல் நின்றேன். என் தாயார் எனக்காகப் பரிந்து, "அவனுக்கு ஊழியத்துல நேரம் எங்க இருக்கு டாக்டர்?" என்றார்கள். அந்தப் பரிவை விடக் கடினமான கண்டனத்தை நான் கேட்டதில்லை.

அன்று மாலையே நம் சபையைச் சேர்ந்த ஒரு தம்பியை அழைத்தேன். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ஐடிஐ-யில் குளிர்சாதனத் தொழிலைப் படித்தவர். கடைசி பெஞ்சில் அமர்ந்து, காணிக்கைப் பாட்டு முடிந்ததும் வேலைக்குக் கிளம்பிவிடுகிறவர். அப்படிக் கிளம்புவதைக் குறித்து ஒருமுறை அவரிடம் சிறிது கடுமையாகவே பேசியிருக்கிறேன். கோடைக்கால ஞாயிறுகளில்தான் அவருக்கு வேலை அதிகம் என்பதை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

தம்பி முதலில் மின்பெட்டியில் எம்சிபியை இறக்கினார். பிறகு உள்பெட்டியின் முன்மூடியைத் தூக்கி ஃபில்டரை இழுத்தார். வலையாக இருக்க வேண்டிய அது, சாம்பல் நிறக் கம்பளித் துண்டைப்போல் வந்தது. அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்; வெளிச்சம் அப்பால் தெரியவில்லை. "ஐயா, கேஸ் எங்கேயும் போகலன்னுதான் நினைக்கிறேன். காத்துதான் போகல" என்றார்.

அவர் எனக்கு விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். ஏசிக்குள் இருக்கும் வாயு, அடுப்பில் எரியும் வாயுவைப்போல் செலவாவதன்று. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. அறையின் வெப்பத்தை உள்ளே வாங்கி வெளியே இறக்கிவிட்டுத் திரும்பும். எங்கும் கசிவில்லையென்றால் பல ஆண்டுகளானாலும் அது குறையாது. குறைந்தால் எங்கோ ஓட்டை என்று பொருள். ஓட்டையைக் கண்டு அடைக்காமல் நிரப்புவது, பொத்தலான குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். குழாயில் பனி பிடிப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. வாயு குறைந்தாலும் பிடிக்கும்; ஃபில்டரும் உள்ளே இருக்கும் காயிலும் அழுக்கால் அடைபட்டு, போதிய காற்று காயிலின்மேல் படாமற்போனாலும் பிடிக்கும். காற்று வந்து வெப்பம் கொடுக்காததால் காயில் பனிநிலைக்குக் கீழே போய், காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் உறைந்துவிடுகிறது. ஆகையால் கேஸ் குறைவு என்று யாராவது சொன்னால், "முதலில் ஃபில்டரையும் காயிலையும் கழுவிவிட்டு அழுத்தத்தை அளந்து காட்டுங்கள், உண்மையாகவே குறைந்திருந்தால் கசிவு எங்கே என்று கண்டுபிடியுங்கள்" என்று பணிவாகக் கேளுங்கள். அந்தச் சகோதரியும் இதைக் கேட்கலாம். இன்னொன்று: இப்போது வரும் ஏசிகள் பலவற்றில் இருக்கும் ஆர்-32 என்ற வாயு ஓரளவு தீப்பற்றும் தன்மையுடையது. தொழில் தெரியாதவர் கையில் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

பிறகு தம்பி, காற்றை வெளியே தள்ளும் உருளை விசிறிக்குள் டார்ச் அடித்து, என்னை ஸ்டூலில் ஏறிப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அதன் இதழ்கள்தோறும் கரும்பச்சையாய்ப் பூசணம் படர்ந்திருந்தது. ஏசி ஓடும்போது காயிலில் ஈரம் வடிகிறது. அணைத்தபின் அந்த ஈரம் இருட்டிலும் தூசியிலும் தங்குகிறது. பூசணத்துக்கு வேறென்ன வேண்டும்? தண்ணீர் வெளியேற வேண்டிய வடிகுழாய் பாசியால் அடைபட்டிருந்தது. சுவரில் வழிந்த தண்ணீரின் இரகசியமும் அதுவே. நான் இன்னொன்றையும் தவறாக எண்ணியிருந்தேன். ஏசி வெளியிலிருந்து நல்ல காற்றை உள்ளே கொண்டுவருகிறது என்று. நம் வீடுகளில் மாட்டும் ஏசி அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் திரும்பத் திரும்ப இழுத்து விடுகிறது. கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு, இளைப்பு நோயுள்ள என் தாயை, அந்தப் பூசணத்தின் வழியாக வந்த காற்றை இரவெல்லாம் சுவாசிக்க வைத்திருந்தேன்.

ஸ்டூலில் நின்றபோது லேவியராகமம் 14-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. வீட்டுச் சுவரில் பச்சையும் சிவப்புமாய்ப் படரும் தோஷத்தைப் பற்றிய சட்டம் அது. இறையியல் கல்லூரியில் படித்த நாட்களில், தேர்வுக்கு வராது என்று நாங்கள் விரைவாகத் தள்ளிவிட்ட பக்கங்களில் ஒன்று. ஆசாரியன் நேரில் வந்து வீட்டைப் பார்க்க வேண்டும். ஏழு நாள் அடைத்துவைத்துத் திரும்பவும் பார்க்க வேண்டும். தோஷம் படர்ந்திருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து ஊருக்கு வெளியே கொட்டி, சுவரைச் சுற்றிலும் சுரண்டி, புதுச்சாந்து பூச வேண்டும். பூசணத்தைப் பரிசோதிப்பது ஆசாரியனுடைய வேலையாக இருந்திருக்கிறது! முப்பது ஆண்டுகளாக ஊழியம் செய்கிற நான் என் வீட்டுப் பூசணத்தையே பார்க்கவில்லை. அந்தச் சட்டத்தில் இன்னொன்றையும் கவனித்தேன். ஆசாரியன் தானாக வருவதில்லை. வீட்டுக்காரன் அவனிடம் சென்று, என் வீட்டில் இப்படி ஒன்று தென்படுகிறது என்று அறிவிக்க வேண்டும். ஆசாரியன் உள்ளே நுழையுமுன் வீட்டிலுள்ள பொருள்களை வெளியே எடுத்து வைத்துக்கொள்ளவும் இடமுண்டு. அவை தீட்டென்று தீர்க்கப்பட்டு அவன் நஷ்டப்படாதபடிக்கு. அறிவிக்கிறவனுக்கு அவ்வளவு இரக்கம் இருக்கிறது. நான் அறிவிக்கவே இல்லை.

உள்பெட்டியைத் தம்பி இரண்டு மணி நேரம் கழுவினார். அடியில் நெகிழித் துணியைப் பைபோல் கட்டி, பம்பினால் தண்ணீரைப் பீய்ச்சினார். வாளியில் இறங்கியது கறுப்புக் காப்பி போலிருந்தது. என் தாயார் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து, "எம்மாடி! இதையா நான் குடிச்சேன்?" என்றார்கள்.

"வெளிய இருக்கிறது எங்க ஐயா?" என்றார் தம்பி.

பின் ஜன்னலைத் திறந்து காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு செருப்பைக் கழற்றினார். ஜன்னல் வழியாக இறங்கி அந்தச் சன்ஷேடில் நின்றார். அதன் அகலம் ஒன்றரை அடி இருக்கும். மழைக்காலப் பாசி காய்ந்து கருகியிருந்தது. இடுப்பில் கயிறோ பெல்ட்டோ இல்லை. ஒரு கையால் வெளிப்பெட்டி அமர்ந்திருந்த இரும்புத் தாங்கியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் மூடியின் திருகுகளைக் கழற்றினார். இரண்டாவது திருகைக் கழற்றும்போது சன்ஷேடின் ஓரத்துப் பூச்சு பெயர்ந்தது. அது கீழே விழுந்த ஓசை சற்றுத் தாமதித்தே கேட்டது. அவர் தன் பாரத்தைத் தாங்கியின்மேல் போட்டார். கடற்காற்றில் துருவேறியிருந்த அந்தத் தாங்கியின் ஒரு போல்ட் சுவரைவிட்டு அசைந்தது. நான் ஜன்னல் வழியாகப் பாய்ந்து அவருடைய முன்கையைப் பிடித்தேன். என் மனைவி என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். சில விநாடிகள்தாம். அவர் காலை மாற்றி வைத்து, ஜன்னல் கட்டையைப் பற்றி உள்ளே வந்துவிட்டார்.

தரையில் அமர்ந்து தண்ணீர் குடித்தார். எனக்குத்தான் கை நடுங்கிற்று. "பழக்கந்தான் ஐயா" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. தன்னோடு வேலை பார்த்த ஒருவர் போன ஆண்டு இப்படி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்ததாகவும், உயிர் தப்பினாலும் இன்னும் ஊன்றுகோலில்தான் நடப்பதாகவும், அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள் என்றும் சொன்னார். அப்புறம் சாதாரணமாக, குற்றம் சாட்டும் தொனி சிறிதுமின்றி, "முன்னாடி அவ்ளோ நல்ல பால்கனி இருக்கே ஐயா. யார் இதை இங்க வெக்கச் சொன்னது?" என்று கேட்டார்.

"நான்தான் தம்பி" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், மக்கள் பார்ப்பார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். என் எளிமையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு தாயின் மகனைச் சன்ஷேடில் நிறுத்தினேன் என்பதுதான் அதன் பொருள்.

அந்த வாரக் கமிட்டியில் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசி இருப்பதையே புதிதாகக் கேட்பவர்கள்போல் ஒருவரும் தோன்றவில்லை. பொருளாளர் மட்டும், "கரண்ட் பில்ல பார்த்தப்பவே தெரியும் ஐயா. அம்மாவுக்காகத்தானேன்னு நாங்க கேக்கல" என்றார். மூன்று நாளில் வெளிப்பெட்டி முன்பக்கத்துப் பால்கனிக்கு வந்துவிட்டது. இந்த முறை குழாயை இணைத்தபின் அழுத்தம் கொடுத்துச் சோதித்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தார் தம்பி. உள்பெட்டிக்கு அருகில் ஓர் இணைப்பில் மெல்லிய குமிழ் வந்தது. ஆக, முன்பு வந்தவர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. அவரை நான் மனதிலே முழுப் பொய்யராகத் தீர்த்திருந்தேன். கசிவு இருந்தது, அதை அவர் தேடவில்லை, அவ்வளவே.

என் தாயாரின் இருமல் முற்றிலும் நின்றுவிட்டது என்று எழுதினால் அது மிகையாகும். இளைப்பு இருக்கிறது, மருந்து தொடர்கிறது. ஆனால் அந்த வாரத்திலிருந்து இரவில் தூங்குகிறார்கள். என் மனைவியும் தூங்குகிறார்.

உங்கள் வீட்டுக்காகச் சில காரியங்கள். கோடையில் தினமும் ஓடும் ஏசியென்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவுங்கள். அதற்கு மெக்கானிக் வேண்டாம். பத்து நிமிட வேலை. மின் இணைப்பை அணைத்துவிட்டு, மூடியைத் தூக்கி, வலையை மெதுவாக இழுங்கள். குழாய்த் தண்ணீர் போதும். வெந்நீர் ஊற்றினால் சட்டம் கோணிவிடும். முரட்டுப் பிரஷ் வேண்டாம். நிழலில் நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் பூசணத்தை நாமே விதைத்ததாகும். இரவு ஏசி ஓடிய அறையின் ஜன்னல்களைக் காலையில் திறந்துவிடுங்கள். அணைக்குமுன் சிறிது நேரம் விசிறியை மட்டும் ஓடவிட்டால் உள்ளே ஈரம் உலரும். 18 டிகிரி வைத்தால் விரைவில் குளிரும் என்று பலர் எண்ணுகிறீர்கள். 2020 ஜனவரி முதல் அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்குமாறு அமைக்கப்பட வேண்டும் என்று அரசு விதித்திருப்பது காரணத்தோடுதான். முதியோருக்கும் அது போதும், மின் கட்டணத்துக்கும் நல்லது. வெளிப்பெட்டியின் முன் துணி காயப்போடாதீர்கள். அதைத் திறந்து கழுவ நீங்களே முயலவும் வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். கடலுக்கு அருகில் இருக்கிற நமக்கு உப்புக்காற்றினால் தாங்கியும் போல்ட்டும் விரைவில் துருவேறும். கழுவும்போதெல்லாம் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

புதிதாக மாட்டப்போகிறவர்களிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். வெளிப்பெட்டிக்கு இடம் பார்க்கும்போது, வீட்டின் முகப்பு அழகைப் பிறகு பாருங்கள்; ஓர் ஆள் இரண்டு காலையும் ஊன்றி நிற்க இடமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏற்கெனவே வேறு வழியில்லாத இடத்தில் மாட்டியவர்கள், பெல்ட் அணியாத ஆளை ஜன்னலுக்கு வெளியே இறக்காதீர்கள். அவர் பழக்கந்தான் என்பார். இல்லை தம்பி, பெல்ட் கொண்டுவந்து நாளைக்குச் செய்யுங்கள் என்று சொல்லுங்கள். ஒரு நாள் வெயிலைப் பொறுத்துக்கொள்ளலாம்.

வெளிப்பெட்டியை முன்னால் மாற்றிய அடுத்த ஞாயிறு, ஆலயத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள் என்று படபடப்போடு நின்றிருந்தேன். பலர் கவனிக்கவே இல்லை. தகரக் கூரை வீட்டில் வாழும் ஒரு மூதாட்டி மட்டும் நின்று மேலே பார்த்தார்கள். பிறகு என்னருகே வந்து, "அம்மாவுக்கு இப்ப ராத்திரி தூக்கம் வருதா ஐயா?" என்று கேட்டார்கள். வருகிறதம்மா என்றேன். நல்லது என்று சொல்லி உள்ளே போனார்கள். அவர்களுக்கு இரவில் தூக்கம் வருகிறதா என்று நான் கேட்டிருக்கலாம். ஆராதனைக்கு மணி அடித்துவிட்டது.

வருகிற சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அந்தத் தம்பி குருமனைக்கு வருகிறார். ஃபில்டர் கழற்றிக் கழுவுவதை வாலிபர்களுக்கும் பெண்கள் ஐக்கியத்தாருக்கும் காட்டித் தருவார். முதலில் எங்கள் வீட்டு ஃபில்டரை நான் கழுவுவேன். விரும்புகிறவர்கள் உங்கள் ஃபில்டரை உதறாமல் ஒரு பையில் சுற்றிக் கொண்டுவாருங்கள். வாளியும் பழைய பல்துலக்கியும் இங்கே இருக்கின்றன.